மழைக்காலமும் வீட்டுப் பெரியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் வயதான அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவமழையைக் கடக்கும் குடும்பங்களுக்கான பக்கம் இது. பேரிடர் என்றதும் எல்லோருக்கும் படகும் ஹெலிகாப்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சிக்கல் அதற்கு ரொம்ப முன்பே, கரண்ட் போன நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் இருக்கும். மருந்து பற்றிச் சொல்லியிருப்பதெல்லாம் பொதுவான விஷயம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது பொருந்தும் என்பதை அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் மழைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

பருவமழை பொதுவாக அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். நம்மைப் பலமாக அடித்தவை எல்லாம் அதன் பின்பகுதியில் வந்தவை. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு, 2016 டிசம்பர் 12 வர்தா, 2018 நவம்பர் 16 கஜா, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம், அதே மாதம் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்.

அதனால் ஆயுத பூஜையைக் கெடுவாக வைத்துக்கொள்ளலாம். அன்று எப்படியும் வீட்டில் உள்ளதை எல்லாம் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். டார்ச்சுக்குப் புது பேட்டரி, இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர், வாக்கரின் அடியில் தேய்ந்துபோன ரப்பரை மாற்றுவது, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்ப்பது எல்லாம் அந்த வேலையோடு முடிந்துவிடும். மருந்தும் காகிதங்களும் தீபாவளிக்குள் தயாராக இருந்தால் போதும்.

நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்காது. எங்களுக்கும் இதெல்லாம் தேவையா?

தேவை. வர்தா வந்தபோது சென்னையில் பிரச்சினை வெள்ளம் அல்ல, காற்று. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கஜாவுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் அது வாரக்கணக்கானது. தெருவில் தண்ணீர் நின்றால் மின்வாரியமே பாதுகாப்புக்காக இணைப்பைத் துண்டிக்கும். உங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வராவிட்டாலும் லிஃப்ட் நிற்கும், மோட்டார் ஓடாது, ஃபிரிட்ஜ் சூடாகும், இரண்டாம் நாள் போனும் அணையும். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது எரிச்சல். எண்பது வயதில் முழங்கால் தேய்ந்தவருக்கு இரண்டு மாடிப் படி என்பது வெளியுலகம் அடைபட்ட மாதிரி.

கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி. மாடி ஏற முடியாது என்பதற்காகவே பெரியவர்களுக்குக் கீழ் அறையைக் கொடுக்கிறோம். தண்ணீர் முதலில் வருவதும் அந்த அறைக்குத்தான். மாடியில் ஒரு கட்டில், பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு பாத்ரூம் என்று ஒழுங்கு செய்ய முடிந்தால், மழை மாதங்களில் அவர்களை அங்கே மாற்றிவிடுவது நல்லது.

மருந்து எத்தனை நாளுக்கு வாங்கி வைக்க வேண்டும்?

எப்போதும் இரண்டு வாரம் கையிருப்பு. கடைசி அட்டை வரை போய்விட்டு வாங்கும் பழக்கத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது விட்டுவிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை வருகிறது என்றால், கொண்டுவரும் பெண்மணியிடம் மழைக்காலத்துக்குச் சேர்த்துக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா மாத்திரையும் ஒரே ரகம் அல்ல. கால்சியமும் வைட்டமினும் நாலு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது. வலிப்பு மாத்திரை, பார்க்கின்சன் மாத்திரை, இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்துபவை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவை, நாள்பட்ட ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து. டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, "இதில் ஒருநாள்கூட விடக்கூடாதது எது?" என்று கேளுங்கள். அவற்றுக்குச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மாத்திரைப் பெட்டி நனைந்தாலும் பெயர் இருந்தால் எந்த முகாமிலும் மருந்து கேட்கலாம். "அந்த மஞ்ச மாத்திரை, சின்னதா இருக்குமே" என்று சொன்னால் எந்த டாக்டராலும் உதவ முடியாது.

சர்க்கரை மாத்திரை பற்றித் தனியாக ஒன்று. சாப்பாடு தாமதமாகும் நாளில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் வந்தால், நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடியும் நிலையில், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சாப்பிடாத நாளில் எந்த மருந்தைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் இன்சுலின் கெட்டுப்போகுமா?

உடனே கெடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் உள்ளே இருக்கும் தாளில் சரியான கணக்கு இருக்கும். திறக்காத பாட்டில்கள்தான் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. கரண்ட் போனதும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காமல் மூடியே வைத்தால் பல மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அப்புறம் பழைய மண்பானை முறைதான்: பெரிய சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னச் சட்டி, அதற்குள் பாலிதீன் உறையில் மருந்து, மேலே ஈரத்துணி. மழைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கோடை அளவுக்குப் பானை குளிராது, ஆனால் டிசம்பர் மழைநாளில் அறையே அவ்வளவு சூடாக இருக்காது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம். உறைந்துபோன இன்சுலினை உருகிய பிறகும் போடக்கூடாது.

ஆக்சிஜன் இயந்திரத்தில் இருக்கும் தாத்தாவுக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?

ஒரு கணக்குப் போடலாம். பெரும்பாலான வீடுகளில் உள்ளது 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. பேப்பரில் அது 1800 வாட் அவர். ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். இழப்பு போக மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும், அதுவும் ஃபேனையும் டிவியையும் அணைத்தால். பேட்டரி நாலு வருடப் பழசென்றால் அதிலும் பாதியை நம்பாதீர்கள்.

ஆகவே மாற்றாக ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும். பி டைப் என்று சொல்லும் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். ரெகுலேட்டர், ஃபுளோமீட்டர், ஸ்பேனர் மூன்றும் அதோடு கட்டியே இருக்கட்டும், வீட்டில் இரண்டு பேருக்காவது அதை மாட்டத் தெரியட்டும். சிலிண்டர் இருக்கும் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டிருக்கும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு மணி நேரம் என்பது ஓர் இரவு. அதற்குள் கரண்ட் வரும் என்று காத்திருக்கத்தான் நேரம் இருக்கிறது, அவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அல்ல. எப்போதும் ஆக்சிஜன் தேவைப்படுபவரைப் புயல் எச்சரிக்கை வந்ததுமே ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனைக்கோ வீட்டுக்கோ மாற்றிவிடுவதுதான் என் யோசனை.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஏர் பெட் போட்டிருக்கிறோம். கரண்ட் போனால்?

காற்று இறங்கிவிடும், உடம்பு கீழே உள்ள பலகையில் அழுத்தும். வெறும் ஃபோம் மெத்தை ஒன்றைத் தயாராக வையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். ராத்திரிக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தலையில் போட்டால் இரண்டாம் இரவு அவரும் படுத்துவிடுவார்.

டயாலிசிஸ் நாளன்று புயல் வந்தால்?

வருவதற்கு முன்பே யூனிட்டைக் கூப்பிட்டு ஒரு நாள் முன்னதாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தள்ளிப்போனால் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் மூன்றையும் குறைக்க வேண்டும். நம் வீடுகளில் இதில்தான் தவறு நடக்கும். சோர்வாக இருக்கிறாரே என்று இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், நிவாரணத்தில் வந்த வாழைப்பழத்தைக் கொடுப்பார்கள், ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுப்பார்கள். மூன்றிலும் பொட்டாசியம் உண்டு, சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடியது. ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, கைகால் தளர்ந்துபோனாலோ, நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும் எவ்வளவு?

குடிக்க, மாத்திரை போட, கொஞ்சம் சமைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் வைத்துக்கொண்டால், ஒரு 20 லிட்டர் கேன் இரண்டு பேருக்கு மூன்று நாள். அந்தக் கேனைச் சாய்த்து ஊற்றப் பெரியவர்களால் முடியாது, குழாய் வைத்த சின்னப் பாத்திரத்தில் நிரப்பி வையுங்கள். மேல்தொட்டியை முதல் நாள் மாலையே நிரப்பிவிடுங்கள். தரைத்தொட்டிக்குள் தெருத்தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரிந்தால், கரண்ட் வந்தாலும் மோட்டார் போடாதீர்கள், மேலே இருக்கும் நல்ல தண்ணீரும் வீணாகும்.

சாப்பாட்டில் பார்க்க வேண்டியது பல். நிவாரணப் பொட்டலத்தில் வருவது புளிசாதமும் பிரெட்டும் பிஸ்கட்டும். பல்செட் போட்டவருக்குக் கஷ்டம், பிரஷர் உள்ளவருக்கு உப்பு அதிகம். பச்சைத் தண்ணீரில் ஊறும் அவல், வெந்நீர் மட்டும் போதும் என்கிற சத்துமாவு, பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர் இருந்தால் அடுப்பே எரியாத நாளையும் ஓட்டலாம். மிக்ஜாமின்போது சென்னையில் பாலுக்கு அலைந்தவர்கள் பால் பவுடரை மறக்கமாட்டார்கள்.

பாத்ரூம் விஷயத்தில் என்ன செய்வது? இதை யாரும் பேசுவதில்லை.

உண்மைதான், கூச்சம். ஆனால் மழை நாளில் பெரியவர்கள் உடம்பு கெடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பாத்ரூம் போவது கஷ்டம் என்று தெரிந்தால் அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். குறிப்பாக அம்மாக்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் மஞ்சளாகி, எரிச்சல் வந்து, தொற்றாகி, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார்கள். வீட்டில் எல்லோரும் "பயத்தில் ஏதோ பேசுகிறார்" என்று விட்டுவிடுவார்கள். திடீர்க் குழப்பமும் தூக்கக் கலக்கமும் வயதானவர்களிடம் நோயின் அறிகுறி. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

தண்ணீர் ஏறும்போது கீழ்த்தளத்தில் சாக்கடை பின்னோக்கித் தள்ளும். கமோடு குபுகுபு என்று சத்தம் போட்டால் அதுதான் முன்னறிவிப்பு. பாலிதீன் பையில் மணலை நிரப்பிக் கட்டி அதன் வாயிலும் தரைத் துவாரத்திலும் அழுத்தி வையுங்கள். அதற்குப் பிறகு அந்த பாத்ரூம் கிடையாது. ஆகவே வாளி பொருத்திய கமோடு நாற்காலி ஒன்று, ஆண்களுக்கு யூரின் கேன், பெரியவர்களுக்கான டயபர் ஐந்து நாளுக்கு, தடித்த குப்பைப் பை, பழைய செய்தித்தாள், பிளீச்சிங் பவுடர் வேண்டும். டயபர் பழக்கமில்லாதவர் முதலில் மறுப்பார். வெயில் நாளிலேயே ஓர் இரவு போட்டுப் பழக்குங்கள். நாற்காலியைச் சுற்றி ஒரு புடவையைத் திரையாகக் கட்டினால் பாதி மறுப்பு போய்விடும்.

இருட்டில் விழாமல் இருக்க?

மெழுகுவர்த்தி வேண்டாம். நடுங்கும் கையும் புடவைத் தலைப்பும் நெருப்பும் சேரக்கூடாது. கரண்ட் போனதும் தானாக எரியும் எல்.இ.டி. பல்பு கடையில் கிடைக்கிறது, படுக்கையறையில் ஒன்று, பாத்ரூமில் ஒன்று. தலையணைக்குப் பக்கத்தில் டார்ச், கழுத்தில் ஒரு விசில். ஈரமான மொசைக்கிலும் டைல்ஸிலும் கோணி விரிக்காதீர்கள், கால் சிக்கும். இடுப்பெலும்பு முறிந்து ஆம்புலன்ஸ் வராத இரவைவிட மோசமானது இல்லை.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்கிறார்கள். எதற்குக் கிளம்புவது?

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை கனமழை, அதற்கு மேல் 20.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயல்படுங்கள் என்று பொருள்.

இது பொதுவான குடும்பத்துக்கு. மற்றவர்கள் சிவப்புக்குச் செய்வதைப் பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆரஞ்சுக்கே செய்ய வேண்டும். அவர்களைக் கிளப்புவதற்கே அரை நாள் பிடிக்கும். அதோடு வெள்ளம் பகலில்தான் வரும் என்று இல்லை. 2015இல் அடையாறு பொங்கியது இரவில், 2024இல் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது டிசம்பர் 2 அதிகாலையில். இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் வாக்கரோடு யாரும் நடக்க முடியாது. ஏரி, ஆறு, கால்வாய் ஓரமாக இருப்பவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே, சாலை காய்ந்திருக்கும்போதே போய்விடுங்கள். மழை வராமல் போனால் உறவினர் வீட்டில் இரண்டு நாள் விருந்து சாப்பிட்டதாக இருக்கட்டும்.

"நான் எங்கேயும் வரல, நீங்க போங்க" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு தெருவிலும் கேட்கும் வசனம் இது. வாதாடினால் தோற்பீர்கள். அவர் சொல்லும் காரணம் ஒன்றாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். போகும் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குமா, ராத்திரி நாலு தடவை எழுந்தால் அவர்களுக்குத் தொந்தரவாகுமே, சம்பந்தி வீட்டில் லுங்கியோடு எப்படி உட்காருவது, வீட்டைப் பூட்டிப்போனால் திருடு போகுமே, நாய்க்கு யார் சோறு வைப்பது. இதில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துத் தீர்த்துவைத்தால் செருப்பை மாட்டிக்கொள்வார்.

மழை வந்த பிறகு இதைப் பேசாதீர்கள். அக்டோபரிலேயே, "தண்ணி வந்தா எங்க போகலாம், நீங்களே சொல்லுங்கப்பா" என்று முடிவை அவரிடம் விடுங்கள். தாமே சொன்ன இடத்துக்குப் போவது அவருக்குத் தோல்வி ஆகாது. பிள்ளை சொன்னால் கேட்காதவர் பேத்தி சொன்னால் கேட்பார், இல்லாவிட்டால் குடும்ப டாக்டர், இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் தம்பி. அவருடைய தலையணை, சொம்பு, அவர் கும்பிடும் சாமி படம் கூடவே வரட்டும்.

"2015லயே ஒண்ணும் ஆகல, மொட்டை மாடியில இருந்தோம்" என்று சொன்னால், அன்று அந்த மாடிக்கு அவர் நடந்து ஏறினார் என்பதை மெதுவாக நினைவுபடுத்துங்கள். அதற்குப் பிறகு பத்து வயது கூடிவிட்டது.

நடக்க முடியாதவரை மாடிப்படியில் எப்படித் தூக்குவது?

கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்கார வைத்து, பழைய பருத்திப் புடவையால் மார்பையும் தொடையையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பாரத்தில் கால் விரியும். ஒருவர் பின்னால் சாய்மானத்தைப் பிடிக்க, இன்னொருவர் முன்கால்களைப் பிடிக்க, மூன்றாமவர் கீழே இருப்பவரின் முதுகுக்குப் பிடிமானமாக வர வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் பெரியவரின் முதுகு மேல்படிப் பக்கம், கால் கீழ்ப்படிப் பக்கம். கையை உள்ளே மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பயத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தால் எல்லோரும் சாய்வார்கள். முதலில் வீட்டு இளவட்டம் ஒருவரை உட்கார வைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மறதி நோய் உள்ள பாட்டியை முகாமில் வைத்திருக்க முடியுமா?

கஷ்டம். தெரியாத இடம், கூட்டம், சத்தம், சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நடப்பார். முடிந்தவரை தெரிந்த வீட்டுக்கே கூட்டிப் போங்கள். முகாம்தான் என்றால் வாசலுக்குத் தூரமான மூலை, ஓர் ஆள் எப்போதும் கூட. பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதிய துணியை உள்பாவாடையில் தைத்துவிடுங்கள், கையில் கொடுத்த அட்டையை எங்காவது வைத்துவிடுவார். இன்றைக்கு எடுத்த போட்டோ ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பா அம்மா மாம்பலத்தில் தனியாக. இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

முதலில், அரை மணிக்கு ஒரு வீடியோ கால் போடுவதை நிறுத்துங்கள். அவர்களுடைய போன் சார்ஜைத் தீர்ப்பது நீங்கள்தான். காலை, மாலை இரண்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கால் போகாத நேரத்திலும் சில சமயம் எஸ்.எம்.எஸ். போய்விடும், "நலம்" என்று ஒரு சொல் அனுப்பப் பழக்குங்கள். இரண்டு பவர் பேங்க் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம் நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஓர் ஆள். அடுத்த தெருவில் இருக்கும் நண்பனோ, மாடி வீட்டுக்காரரோ, வீட்டு வேலை செய்யும் அக்காவோ. அவரிடம் மாற்றுச் சாவியும், மருந்துச் சீட்டின் நகலும், கொஞ்சம் பணமும் இப்போதே இருக்க வேண்டும். நெட்வொர்க் இல்லாத நாளில் ஜிபேயில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் நூறு ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்கள்.

சமூக வலைத்தளத்தில் உதவி கேட்டால் தேதி, நேரம், எந்த மாடி, நடக்க முடியுமா, பக்கத்து அடையாளம் ("ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து") எல்லாம் எழுதுங்கள். மீட்கப்பட்டதும் அழித்துவிடுங்கள். 2015இல் கரை சேர்ந்து பல மணி நேரம் ஆனவர்களின் முகவரிகள் சுற்றிக்கொண்டே இருந்து, படகுகளை வெறும் வீட்டுக்கு இழுத்தன.

எந்தக் காகிதங்கள்?

ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, 70 வயதைக் கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை இருந்தால் அதுவும், வங்கிப் புத்தகம், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஈ.சி.ஜி. எல்லாம் ஒரே ஜிப் கவரில். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு ஆயுள் சான்று கொடுக்கும் மாதமும் நவம்பர்தான், சரியாக மழையோடு மோதும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம், மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

எந்த எண்களை எழுதி வைக்க வேண்டும்?

பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு மீட்பு 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, காஸ் கசிவு 1906, முதியோர் உதவி 14567. போனில் மட்டும் இருந்தால் போதாது. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில், கண்ணாடி போடாமலே தெரிகிற மாதிரி ஒட்டுங்கள்.

கரண்டையும் காஸையும் எப்போது அணைப்பது?

தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன். மெயின் சுவிட்சை உலர்ந்த தரையில் நின்று அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். கால் தண்ணீரில் இருந்தால் தொட வேண்டாம், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். பலர் மறப்பது இன்வெர்ட்டரை. மெயினை அணைத்தாலும் அது வீட்டு வயர்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே அதையும் அணைத்து, முடிந்தால் மேசை மேல் ஏற்றுங்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். தண்ணீரில் சிலிண்டர் மிதந்து உருளும்.

ஆம்புலன்ஸ் வர முடியாத நேரத்தில் நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்தால்?

முதலில் 108ஐக் கூப்பிட்டு, தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்லுங்கள். கூடவே 101க்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லுங்கள், படகு அவர்களிடம்தான். நெஞ்சுவலி என்றால் நடக்கவிடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாமா, நாக்கடியில் வைக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை இதய நோயாளிகள் முன்பே கேட்டுவைத்திருக்க வேண்டும்.

வாய் கோணுதல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறுதல் பக்கவாதம். இதற்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். தண்ணீரும் கொடுக்காதீர்கள், புரையேறும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியை எழுதிவையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், மருத்துவமனையில் முதல் கேள்வியே அதுதான். ஸ்கேன் வசதியும் ஜெனரேட்டரும் உள்ள மருத்துவமனை எது, அங்கே போகும் மேட்டுச் சாலை எது என்பதும் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் உடனே வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

அவர்கள் அவசரப்படுவார்கள், நீங்கள் அவசரப்படாதீர்கள். முதலில் இளையவர்கள் போய்ச் சேற்றைக் கழுவட்டும். செருப்பு ராக்குக்குள், மடித்த மெத்தைக்குள், கமோடு பக்கம் பாம்பு இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் போட வேண்டாம். தரைத்தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்புங்கள், குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களைச் சேற்றில் வெறுங்காலோடு விடவே கூடாது. கண்ணாடி கிழித்தது அவர்களுக்கே தெரியாது. தினமும் இரவு பாதத்தைத் துடைத்து, விரல் இடுக்கு வரை நீங்கள் பாருங்கள். தண்ணீரில் நின்றவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தெருவில் தண்ணீர் நின்றது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நனைந்த மாத்திரை அட்டைகளை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு, சிவப்புக் கோடு போட்ட சீட்டைக் காட்டிப் புதிதாக வாங்குங்கள்.